இருபத்து நான்கு பாடல்களின் விலை

ஒலிநாடாவை நண்பருக்குக் கொடுத்தவர் அது திரும்பி வரும்வரை பாட்டின்றி இருந்தார். கணினிக் கோப்பைக் கொடுப்பவரோ எதனையும் இழப்பதில்லை. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய நாப்ஸ்டர் என்னும் மென்பொருள் இவ்வேறுபாட்டை உலகறியச் செய்தது. முன்பின் அறியாதோர் தத்தம் கணினிகளில் இருந்த பாடல்களைப் பகிர்ந்துகொண்டனர். இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. எவரிடம் எப்பாடல் உள்ளது என்னும் பட்டியல் நாப்ஸ்டரின் கணினிகளிலேயே இருந்தமையால் அதனைத் தடுப்பது எளிதாயிற்று. 2001இல் அது முடங்கியது. அத்தகைய மையப் பட்டியலின்றி இயங்கும் கஸா போன்ற மென்பொருள்கள் அவ்விடத்தை நிரப்பின.

பிடிப்பதற்கு மையம் இல்லாதபோது சட்டத்தின் கை வீடுகளை நோக்கி நீண்டது. 2003 செப்டம்பரில் 261 பேர்மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவர்களுள் ஒருவர் நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி! அவருடைய தாய் 2,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்.

மின்னசோட்டா மாநிலப் பெண் ஒருவரின் வழக்கு இன்னும் வியப்புக்குரியது. அவர் பகிர்ந்ததாக வழக்கில் காட்டப்பட்டவை 24 பாடல்கள். 2007இல் நடுவர் குழு விதித்த இழப்பீடு 2,22,000 டாலர். மறுவிசாரணையில் அது 19,20,000 டாலராக உயர்ந்தது. மிகையெனக் கருதிய நீதிபதி அதனை 54,000 டாலராகக் குறைத்தார். மூன்றாம் விசாரணையும் நடந்தது. இறுதியில், 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2,22,000 டாலரையே நிலைநிறுத்தியது. ஒரே செயலுக்கு இத்தனை விலைகள் எங்ஙனம் பொருந்தும்? வேண்டுமென்றே செய்த மீறலுக்கு ஒரு படைப்புக்கு 750 டாலர் முதல் 1,50,000 டாலர் வரை விதிக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தருகிறது. அளவுகோலே இவ்வளவு நெகிழ்வுடையதாயின் நீதியின் எடை எவர்க்கும் விளங்காது.

இதனால் பகிர்வு குற்றமன்று என்று ஆகிவிடாது. பாடலாசிரியர், பாடகர், இசைக்கருவி வாசிப்போர், ஒலிப்பதிவாளர் எனப் பலர் உழைப்பில் பிறப்பது ஒரு பாடல். படியெடுப்பவர் எப்படியும் விலைகொடுத்து வாங்கியிருக்க மாட்டார் என்பது சிலர்க்கே பொருந்தும், எல்லார்க்கும் பொருந்தாது. பகிர்ந்த ஒரு கோப்பு எத்தனை பேரைச் சென்றடையும் என அளவிட இயலாது என்று நிறுவனங்கள் கூறியதிலும் உண்மை உண்டு. உரிமை அவர்களுடையதே. அதனைக் காக்க எடுத்த கருவிதான் பிழையானது. ஏறத்தாழ 35,000 பேர்மீது நடவடிக்கை எடுத்த பின்னரும் பகிர்வு ஓயவில்லை. 2008 டிசம்பரில் அந்நிறுவனங்களின் கூட்டமைப்பே இவ்வழியைக் கைவிடுவதாக அறிவித்தது.

வழக்குகள் தொடங்கிய அதே 2003ஆம் ஆண்டில்தான் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாடலை 99 சென்ட்டுக்கு இணையத்தில் விற்கத் தொடங்கியது. முதல் வாரத்திலேயே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் விற்பனையாயின. திருட்டு எனப் பழிக்கப்பட்டோரிடையே வாங்க விரும்பியோரும் பலர் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்குக் கடைதான் இல்லை. அக்கடையின் விலைப்படி 24 பாடல்களுக்கு ஆகும் தொகை 23 டாலர் 76 சென்ட்.