விசைப்பலகையும் விலையும்

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் இராமாநுஜர் அவதரித்த தலம் என்பதே முன்னாளில் யாவர்க்கும் நினைவிற்கு வரும். இந்நாளில் அவ்வூர்ப் பெயர் யந்திரங்களோடும் சேர்த்து வழங்கப்பெறுகின்றது. நோக்கியா கம்பெனியார் அங்கே 2006-இல் கைப்பேசி செய்யத் தொடங்கினர். அவ்வாலை 2014-இல் மூடப்பெற்றது. டெல் கம்பெனியார் 2007-இல் கணினி செய்யத் தொடங்கினர். அப்பக்கத்து ஆலைகளிற் பண்டசாலைக் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதுவோர், நாள்முழுதும் தட்டுவது விசைப்பலகையையே. ஆதலின் அதற்கு மிகுதியாய்ப் பணம் கொடுத்தல் தகுமோ என்ற கேள்வியைச் சிறிதென்று தள்ளற்க.

எழுத்து விழுந்தாற் போதாதோ என்பர் சிலர். விழும், மெய்யே, எவ்வாறு விழுகின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும். மலிந்த பலகையின் விசைகட்கு அடியில் குமிழ்கள் எழுந்த ரப்பர் விரிப்பு ஒன்று உளது. அடிமட்டும் அழுத்தினாலன்றிக் கீழுள்ள மெல்லிய ஏடுகள் ஒன்றையொன்று தொடா. மெக்கானிக்கல் என வழங்கும் பலகையிலோ ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுருள்வில்லும் சுவிச்சும் உள. விசை ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி இறங்கும்போதே எழுத்து விழுந்துவிடும். விரல் மோத வேண்டுவதில்லை. ரப்பர் விசை 50 இலட்சம் முதல் 1 கோடி முறை வரையிலும், தனிச் சுவிச்சு 5 கோடி முறையும் அதற்கு மேலும் தாங்கும் என்று செய்வோர் கூறுவர். ஒரு விசை கெடின், பழைய டைப்ரைட்டரிற் போல அதனை மாத்திரம் மாற்றிக்கொள்ளலாம். ரப்பர் தளர்ந்த பலகைக்கோ குப்பைத் தொட்டியே கதி.

மூவாயிரம் ரூபாய்ப் பலகை ஐந்தாண்டு உழைப்பின் மாதத்திற்கு ஐம்பது ரூபாயே ஆகின்றது. நாளும் எட்டுமணி நேரம் அடிப்பார்க்கு இது செலவன்று என்பது நம் கருத்து. வாரத்திற்கு ஒரு கட்டுரை அடிக்கும் மாணாக்கர்க்கோ சில நூறு ரூபாய்ப் பலகையே போதும். வானவில்லைப் போல ஒளிரும் விளக்குக்காகப் பணம் கொடுப்போர், விளக்கைத்தான் வாங்குகின்றனர்.

தமிழெழுத்து அச்சிட்ட பலகையைத் தேடி ரிச்சி தெருவில் அலையவும் வேண்டா. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் உயிரெழுத்துக்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வகுக்கப்பெற்றுள்ளன. ஒட்டுத்தாள் இன்றியே விரல் பழகும்.

மவுஸின் நிலை வேறு. (சுட்டி என்று புத்தகத்தில் எழுதுகின்றோம்; கடையில் அப்படிக் கேட்பார் அரியர்.) அதன் பொத்தானுக்கு அடியிலுள்ள சிறு சுவிச்சு தேயின், ஒருமுறை அழுத்தியது இருமுறையாகும். இக்குறை விலையுயர்ந்தவற்றிலும் நேர்வதுண்டு. ஆகவே விலையினும் கைக்குப் பொருந்தும் அளவையே நோக்குக.

மணிக்கட்டு நோவைப் பலகை ஒன்றே தீர்த்துவிடும் என்று நாம் சொல்லோம். மேசையின் உயரமும் இடையிடையே கை ஓய்தலும் அதனினும் முக்கியம். ஆயினும் பலகை வாங்க ஒப்பமிடுவார் ஒருவர், அதில் அடித்து நோவார் வேறொருவர் என்பதே ஆபீஸ்களிற் காணும் வழக்கம். நம் கலாசாலைக் கணினி அறைக்கு இனிப் பலகை வாங்குங்கால், ஒப்பமிடும் பெரியோர் ஒரு பிற்பகல் முழுதும் அதில் அடித்துப் பார்த்தபின் ஒப்பமிடுவார்களாக.