நார்ச் செடிக்குத் தனி விதி எப்போது?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. மேசைமேல் விரித்த துணி பார்க்க லினன் மாதிரி இருந்தது. கையில் கொஞ்சம் முரடு. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிவிடுமாம். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்: "கஞ்சா செடித் தண்டு நாரு சார் இது. பில்லுல பேர் போடவே யோசனையா இருக்கு."

அவர் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். கஞ்சா எத்தனை வீடுகளைக் குலைத்தது என்பது வடசென்னைத் தாய்மார்களுக்குத் தெரியும். பொட்டலம் விற்பவன்மீது போலீஸ் பிடி துளியும் தளரக் கூடாது. ஆனால் துணிக்காரர் ஏன் பயந்து சாக வேண்டும்?

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனி. சரஸ் என்பது அதன் பிசின். தண்டின் நார் இரண்டிலும் சேராது. செடியை அனுமதியின்றிப் பயிரிட்டாலே 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதே சட்டத்தின் 14-வது பிரிவு, நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்கிறது. 10-வது பிரிவு, கஞ்சா சாகுபடிக்கு உரிமம் தந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநில அரசிடம் கொடுத்திருக்கிறது.

உத்தராகண்ட் 2018-இல் உரிமம் கொடுத்துவிட்டது. போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கே நிபந்தனை. இமாச்சலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில் சோதனைச் சாகுபடிக்கு ஒப்புதல் தந்தது. இந்தச் செடியின் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க, வரம்புகளோடு, 2021-இலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. விதையைத் தின்னலாம், நாரை உடுத்தலாம். தமிழக விவசாயி விதைக்க மட்டும் வழியில்லை.

சொல்லிலும் ஒரு சிக்கல். கோணிப்பைச் சணல் ஒரு செடி. நெல் வயலில் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் சணப்பு வேறு. கஞ்சா நார்ச் செடி மூன்றாவது. மூன்றும் வெவ்வேறு தாவரக் குடும்பம். சணப்புக்கும் ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' என்றே பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதால் குழப்பம் கூடுகிறது. விதி எழுதும்போது முதல் வரியிலேயே செடியின் தாவரவியல் பெயரையும் டி.எச்.சி. அளவையும் போட்டுவிட வேண்டும்.

உரிமக் காகிதம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். மலைகளில் தானாக வளரும் செடி பல இடங்களில் 0.3 வரம்பை மீறிவிடும். சான்றளித்த விதை இல்லாமல் அனுமதி கொடுத்தால் விவசாயிதான் வழக்கில் மாட்டுவார். ஆகவே முதல் வேலை கோவை வேளாண் பல்கலைக்கழகத்துடையது: வேலி போட்ட சோதனை வயல், நம் வெயிலுக்கு ஒத்துவரும் ரகம். அறுவடைக்கு முன் ஆய்வகச் சோதனை. வரம்பு மீறிய பயிரை அங்கேயே அழிக்கலாம்.

இந்த நாரை வாங்கக் காத்திருக்கும் வண்ணாரப்பேட்டை, கம்பெனி காலத்தில் துணி வெளுத்தவர்களால் பெயர் பெற்ற பேட்டை. இன்றும் துணிதான் இங்கே சோறு போடுகிறது.

2021 முதல் தனி வேளாண் பட்ஜெட் போடும் மாநில அரசே, அடுத்த பட்ஜெட்டில் இந்தச் சோதனை வயலை அறிவியுங்கள். வேளாண் துறையும் மதுவிலக்குத் துறையும் ஒன்றாக உட்கார்ந்து நார்ச் செடிக்குத் தனி விதி எழுதட்டும். எம்.சி. ரோடு வியாபாரிகளே, உங்கள் சங்கத்தின் பெயரில் மனுவை இந்த மாதமே அனுப்புங்கள்.