மானியம் மண்ணுக்கா, மனிதருக்கா?

ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939) நாவலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் புழுதிப் புயலையே பேசுகிறோம். ஜோட் குடும்பம் புறப்படும் சாலிசா, ஓக்லஹோமாவின் கிழக்கோரத்தில் உள்ளது. புழுதி உக்கிரமாக வீசியதோ அம்மாநிலத்தின் மேற்குக் கோடியில். இயற்கையின் மீது பழியைப் போட்டுவிட்டால் அரசாணையைக் கேள்வி கேட்கும் கடமை நமக்கு இல்லாமற் போய்விடுகிறது.

அந்த அரசாணைதான் 1933ஆம் ஆண்டின் விவசாயச் சீரமைப்புச் சட்டம். பருத்தி விலை வீழ்ந்திருந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்று கணக்கிட்ட அரசு, விளைந்து நின்ற பருத்தியில் ஏறத்தாழ 1 கோடி ஏக்கரை உழுது அழிக்கச் செய்து, அதற்கு மானியமும் வழங்கியது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி நிலக்கிழாருக்கே போயிற்று. சாகுபடிப் பரப்பு குறைந்தபின் வாரத்துக்கு உழுதவன் அவருக்கு எதற்கு? வந்த பணத்தில் டிராக்டர் வாங்கியவர்களும் உண்டு.

ஆர்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுண்டியில் டைரோன்சா என்பது ஒரு சிற்றூர். வாரக்குடிகளை வெளியேற்றுவதை எதிர்த்து, 1934 ஜூலையில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் அங்கே ஒன்றாக அமர்ந்து தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினர். நிறவெறி கோலோச்சிய அக்காலத்தில் இது சாதாரணச் செயலன்று. குடிகளை 'இயன்றவரை' வைத்துக்கொள்ள வேண்டும் என்று பருத்தி ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு கூறியது. அந்த ஒற்றைச் சொல்லின் வழியே எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன! அப்பிரிவை உழுகுடிகளுக்குச் சார்பாக விளக்கிய சட்ட அதிகாரிகள் 1935 பிப்ரவரியில் பதவி நீக்கப்பட்டனர்.

இது பழங்கதை என்பார் உண்டு. இன்றும் அமெரிக்காவின் பயிர் மானியங்களில் முதன்மையானவை 'அடிப்படை ஏக்கர்' என்ற பழைய சாகுபடிக் கணக்கின்படியே தரப்படுகின்றன. அந்தப் பயிரை இவ்வாண்டு விதைத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆளொன்றுக்கு 1,25,000 டாலர் என்றிருந்த உச்சவரம்பை 2025ஆம் ஆண்டுச் சட்டம் 1,55,000 ஆக உயர்த்தியது. அதுவும் பெயரளவுக்குத்தான். கூட்டுப் பண்ணையில் தலைக்கொரு வரம்பு. சித்தப்பா பிள்ளைகளையும் உடன்பிறந்தோரின் மக்களையும் குடும்பக் கணக்கில் சேர்த்துக்கொள்ள 2018ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. உறவினர் பெருகப் பெருக மானியமும் பெருகும்.

விலை வீழ்ச்சியும் வெள்ளமும் உழவனைத் தாக்குகின்றன, அவனை அரசு தாங்காமல் வேறு யார் தாங்குவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. மானியமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஏக்கரை அளந்து கொடுப்பதையே மறுக்கிறோம். அதிக ஏக்கருக்கு அதிகப் பணம் என்றால், அந்தப் பணமே அண்டை நிலத்தை விலைக்குக் கேட்கும். சிறு விவசாயியைக் காப்பதாகச் சொல்லிப் பிறந்த திட்டம் அவனை விழுங்குவது இப்படித்தான்.

நமக்கும் இதில் படிப்பினை உண்டு. 2019இல் தொடங்கிய பிரதமரின் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை நில உடைமைக் குடும்பங்களுக்கே தருகிறது. பட்டா இல்லாத குத்தகைதாரர் அதில் இடம்பெறவில்லை. தொகை சிறிதாயினும் தத்துவம் அதுவேயன்றோ? உழுபவரின் பெயர் ஏட்டில் ஏறாதவரை, மானியம் என்ற சொல்லுக்கு நிலத்துக்குத் தரும் சன்மானம் என்பதன்றி வேறு பொருளில்லை.