அச்சு யாருடையது?

ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் 1999-ல் 'சூப்பர் டால்ஃபி' என்ற பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 60 செ.மீ. உயரம். பாலியூரித்தேன் ரெசினில் வார்த்த உடல். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று மடங்கும் இடங்களில் பந்து மூட்டு. அத்தனை பாகங்களையும் உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் கயிறு. கண்ணை மாற்றலாம், தலைமுடியை மாற்றலாம், முகத்துக்கு விரும்பியபடி வண்ணம் தீட்டலாம். பெரியவர்கள் ஆசைப்பட்டு வாங்கிச் சேர்க்கும் கலைப்பொருளாக அது பரவியது. தென் கொரியாவிலும் சீனாவிலும் சிற்பிகள் இதே வகையில் தங்கள் பொம்மைகளைச் செய்யத் தொடங்கினார்கள். இன்று இந்தப் பந்து மூட்டு பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விற்பவர்களில் திருடர்களும் இருக்கிறார்கள்.

திருட்டு நடக்கும் விதம் எளிது. அசல் பொம்மை ஒன்றைக் கடையில் வாங்கவேண்டியது. கயிற்றை அவிழ்த்துப் பாகம் பாகமாகப் பிரிக்கவேண்டியது. ஒவ்வொரு பாகத்தைச் சுற்றியும் சிலிகான் ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சில் மலிவான ரெசினை ஊற்றி எடுத்தால் புதுப் பொம்மை தயார். 'ரீகாஸ்ட்' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அசலின் விலை சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். ரீகாஸ்ட் அதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கும்.

அசலையும் நகலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ரெசின் இறுகும்போது மயிரிழை அளவு சுருங்கும் என்பதால் நகல் கொஞ்சம் சிறுத்திருக்கும். மூட்டுக் குழியில் பந்து சரியாக உட்காராமல் நொடிக்கும். காது மடலின் உள்மடிப்பு மழுங்கியிருக்கும். இமை விளிம்பு தடித்திருக்கும். பல சிற்பிகள் தலையின் உட்புறத்தில் தங்கள் முத்திரையைப் பொறிப்பது வழக்கம். நகலில் அந்த இடம் தேய்க்கப்பட்டிருக்கும். சில நேரம் தேய்க்கக்கூடச் சிரமப்படாமல் அந்த முத்திரையையும் சேர்த்தே வார்த்திருப்பார்கள்.

அந்தக் காது மடலுக்குப் பின்னால் ஒருவருடைய மாதக்கணக்கான உழைப்பு இருக்கிறது. களிமண்ணிலோ எபாக்ஸியிலோ தலையை வடித்து, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இடது கண்ணும் வலது கண்ணும் ஒத்துவராமல் மறுபடி வெட்டி ஒட்டுகிறார். மூட்டு நிற்கிறதா, பொம்மை தானாக உட்காருகிறதா என்று பார்க்கவே எத்தனையோ முறை வார்த்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பெரிய ஆலை முதலாளிகள் அல்லர். ஒருவரோ இருவரோ சேர்ந்து ஒரு அறையில் வேலை செய்கிறார்கள். ஒரு வடிவத்தில் முப்பதோ நாற்பதோ விற்றால்தான் அடுத்த வடிவத்துக்கு மூலதனம் தேறும். அந்த முப்பது விற்பதற்குள் நகல் சந்தைக்கு வந்துவிட்டால் அவருடைய அடுத்த பொம்மை பிறப்பதே இல்லை. இந்தப் பிறக்காத பொம்மைகளின் கணக்கை யாரும் எடுப்பதில்லை என்பதுதான் நம்மைப் பெரிதும் கவலைப்பட வைக்கிறது.

'எல்லாக் கலையும் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்வதுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது; அந்தப் பாதியை மறுக்கக் கூடாது. பந்து மூட்டு பொம்மையின் வம்சாவளியே அதற்குச் சான்று. ஜெர்மானியக் கலைஞர் ஹான்ஸ் பெல்மர், பெர்லின் அருங்காட்சியகத்தில் இருந்த 16-ஆம் நூற்றாண்டின் மூட்டு வைத்த மரப் பொம்மைகளைப் பார்த்து, 1930-களில் தன் பொம்மைகளுக்குப் பந்து மூட்டு வைத்தார். அந்தப் பொம்மையின் படத்தை 1965-ல் ஒரு பத்திரிகையில் பார்த்த ஜப்பானியர் யோட்சுயா சிமோன், அதுவரை தான் செய்துவந்த முறையையே கைவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். பெல்மரிடம் பட்ட கடனை அவர் மறைத்ததில்லை. ஆனால் சிமோனின் பொம்மையைப் பார்த்து அது பெல்மருடையது என்று யாரும் ஏமாற மாட்டார்கள். பெல்மரின் உருவங்கள் உடைந்து முறுக்கிக் கிடப்பவை. சிமோனின் சிறுவர் சிறுமியர் நேராக நின்று நம்மைப் பார்ப்பவர்கள். மூட்டு என்ற உத்தி கை மாறியது. முகம் கை மாறவில்லை, அவரவர் முகத்தை அவரவர் கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் தொடங்கிய இந்தப் பாணியைக் கொரியச் சிற்பிகள் எடுத்துக்கொண்டதும் இப்படித்தான். யாரும் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது.

இதற்கு நேர் எதிரான கதையும் பொம்மை வரலாற்றில் இருக்கிறது, அதுவும் உலகத்திலேயே புகழ்பெற்ற பொம்மையின் கதை. ஜெர்மனியின் 'பில்ட்' நாளிதழில் 1952-ல் ரைன்ஹார்ட் பாய்தியன் வரைந்த கார்ட்டூன் பெண் லில்லி. 1955-ல் அவள் பொம்மையாக விற்பனைக்கு வந்தாள். மறுவருடம் சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா சென்ற அமெரிக்கப் பெண்மணி ரூத் ஹேண்ட்லர், கடையில் லில்லியைப் பார்த்து வாங்கிச் சென்றார். 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அவருடைய மேட்டல் நிறுவனம் பார்பியை அறிமுகப்படுத்தியது. சாய்ந்த பார்வை, குதிரைவால் கொண்டை, குதிகால் உயர்ந்த பாதம் எல்லாம் லில்லியிடம் இருந்தவை. லில்லிக்கு உரிமம் வாங்கியிருந்த லூயி மார்க்ஸ் நிறுவனம் 1961-ல் வழக்குத் தொடுத்தது. 1963-ல் சமரசம் ஏற்பட்டது. 1964-ல் மேட்டல் லில்லியின் உரிமைகளையே விலைக்கு வாங்கிவிட்டது. லில்லி உற்பத்தி நின்றது. பார்பி பின்னால் தனக்கென்று ஓர் உலகத்தை உண்டாக்கிக்கொண்டாள் என்பது உண்மை. ஆனால் தொடக்கத்தில் எடுத்ததற்கு விலை கொடுத்தது எடுத்த பிறகுதான், அதுவும் வழக்குக்குப் பிறகு.

அதே மேட்டல், 2001-ல் எம்.ஜி.ஏ. நிறுவனம் 'பிராட்ஸ்' பொம்மைகளைக் கொண்டுவந்த பிறகு நீதிமன்றம் போனது. பிராட்ஸை வரைந்தபோது கார்ட்டர் பிரையன்ட் தங்கள் ஊழியராக இருந்தார் என்பது அதன் வாதம். 2008-ல் நடுவர் குழு 10 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேட்டலுக்குக் கிடைத்த அந்த வெற்றியைப் புரட்டிப்போட்டது. பெரிய தலையும் பெரிய கண்ணும் தெனாவெட்டான பார்வையும் நவநாகரிக உடையும் கொண்ட பொம்மை என்ற எண்ணம் எவருக்கும் தனிச்சொத்து ஆகாது. அந்த எண்ணத்துக்கு ஒருவர் கொடுத்த குறிப்பிட்ட உருவத்துக்குத்தான் காப்பு உண்டு என்று அது விளக்கியது. பொம்மைத் தொழிலில் இருப்பவர்கள் அத்தனை பேரும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. பெரிய நிறுவனங்கள் ஒரு பாணியையே வேலிபோட்டுக்கொள்ள நினைத்தால் சின்னக் கலைஞர்களுக்கு நிற்க இடமிருக்காது.

ஆகவே கோடு எங்கே இருக்கிறது என்பது இருட்டான விஷயம் அல்ல. சோகமான பார்வை, நீண்ட கழுத்து, முயல் காது, தேவதைச் சிறகு ஆகியவை எவருக்கும் பொது. 'லபுபு' பொம்மையை உருவாக்கிய காசிங் லுங், நெதர்லாந்தில் வளர்ந்த சிறுவயதில் படித்த வட ஐரோப்பியப் பூதக் கதைகளிலிருந்து தன் கூர்பல் குட்டியை உருவாக்கினார்; அந்தக் கதைகளுக்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவருடைய குட்டியின் அதே சிரிப்பையும் அதே பற்களையும் வைத்து 2025-ல் உலகச் சந்தைகளில் குவிந்த 'லஃபுஃபு' என்ற போலிகள் வேறு வகை. பொம்மை செய்பவரின் மேஜையிலிருந்து அசலை எடுத்து அப்பால் வைத்துவிட்டால் வேலை தொடருமா என்று கேட்டுப் பார்த்தால் போதும். தொடரும் என்றால் அவர் கலைஞர். நின்றுபோகும் என்றால், அவர் கையில் இருப்பது அடுத்தவர் உழைப்பு.

'அச்செடுக்கவில்லை, அளவுகோல் வைத்துப் பார்த்துக் கையால்தான் செய்தேன்' என்பதும் தப்பிக்கும் வழியாகாது. இன்னொரு பழக்கமும் பெருகி வருகிறது. விலை கொடுத்து வாங்கிய தலையில் கண்ணைக் கொஞ்சம் அகலமாக வெட்டி, உதட்டில் கொஞ்சம் எபாக்ஸி வைத்துத் திருத்துகிறார்கள். வாங்கியவர் தன் பொம்மையைத் தனக்காக எப்படித் திருத்திக்கொண்டாலும் அது அவர் உரிமை, அதில் அழகான வேலைகளும் நடக்கின்றன. திருத்திய தலையை அச்செடுத்துத் தன் படைப்பு என்று விற்கும்போது அந்த உரிமை முடிந்துவிடுகிறது. கன்னமும் நெற்றியும் மண்டை ஓடும் இன்னும் முதல் சிற்பியுடையவை.

வாங்குவோரிடம் நமக்குக் கோபமே இருக்கிறது. 'அசல் வாங்க வசதியில்லை' என்கிறார்கள். அரிசி வாங்க வசதியில்லை என்றால் சமுதாயம் பதில் சொல்ல வேண்டும். சேகரிப்புப் பொம்மை இல்லாமல் எவரும் பட்டினி கிடப்பதில்லை. 'அந்த வடிவம் நின்றுபோய்விட்டது, இனிக் கிடைக்காது' என்பது அடுத்த சமாதானம். சில நிறுவனங்கள் வேண்டுமென்றே குறைவாகச் செய்து விலையை ஏற்றுகின்றன என்பதும், அதனால் வாங்குவோருக்கு எரிச்சல் வருவதும் உண்மைதான். அந்த எரிச்சல் புரிகிறது. ஆனால் ஒரு முகத்தை எத்தனை முறை வார்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை அதை உருவாக்கியவருக்கே உண்டு. பழைய பொம்மைகள் கைமாறி விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன, காத்திருந்து வாங்கலாம்.

ஆபத்து இப்போது இன்னொரு படி ஏறியிருக்கிறது. அசல் பொம்மையைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவைகூட இனி இருக்காது. கைபேசியில் சுற்றிச் சுற்றி எடுத்த படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கட்டும் செயலிகள் வந்துவிட்டன. வீட்டு மேஜையில் வைக்கக்கூடிய ரெசின் அச்சுப்பொறி அந்த உருவத்தை அடுக்கடுக்காக வார்த்துத் தருகிறது. கண்காட்சியில் பொம்மையை வைத்த சிற்பி, அதைச் சுற்றிப் படம் எடுக்கும் ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று தமிழ்நாட்டில் நாம் இருந்துவிட முடியாது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சேகரிக்கும் பொம்மைகள் கொலுப் பொம்மைகள். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைக்கு அருகே விளாச்சேரி என்று களிமண்ணிலும் காகிதக்கூழிலும் பொம்மை செய்யும் குடும்பங்கள் பரம்பரையாக இருக்கின்றன. தசாவதாரம், கல்யாண செட் போன்றவை பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு வருடமும் 'இந்த வருடம் என்ன புதுசு' என்று வாடிக்கையாளர் கேட்பதற்காக ஒருவர் யோசித்து வடிக்கும் செட் அவருடையது. அதை ஒன்று வாங்கி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்பி அச்செடுத்து, அடுத்த நவராத்திரிக்குக் குறைந்த விலையில் இறக்குவது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதுச் செய்தி அல்ல. இங்கேயும் அதே அடையாளம்தான். சுட்ட பொம்மையிலிருந்து எடுத்த அச்சில் களிமண்ணை அழுத்திச் சுட்டால் மண் மறுபடி சுருங்கும். நகல் ஒரு சுற்றுச் சிறுத்து, மூக்கு மழுங்கி, விரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சட்டம் இந்தச் சிற்பிகளுக்குத் துணை நிற்கிறதா? சிற்பம் என்றால் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவர் ஆயுளும் அதன் பிறகு 60 ஆண்டும் காப்பு. ஆனால் அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல், தொழில்முறைச் செயலாக்கத்தில் 50-க்கு மேல் செய்துவிட்டால், அந்த வடிவத்தின் பதிப்புரிமை அத்தோடு போய்விடும். கொலு சீசனில் 50 என்பது ஒரு அச்சுக்கு ஒன்றுமே இல்லை. கையால் அழுத்தி வார்ப்பது அந்தச் செயலாக்கத்தில் சேருமா, பொம்மை கலைப்படைப்பா வடிவமைப்பா என்பதெல்லாம் வாதத்துக்குரியவை. 2025 ஏப்ரலில் கிரையோகாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பார்ப்பதற்கு வழிமுறை வகுத்தது. ஆனால் ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாக ஆராய்ந்துதான் முடிவு காண வேண்டும். ஆராயும்வரை வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்ட எந்தப் பொம்மைக்காரரால் முடியும்? வடிவமைப்பாகப் பதிவு செய்தால் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் காப்பு கிடைக்கும். ஆனால் சந்தைக்கு வரும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மீறியவரிடம் கடன் தொகை போல வசூலிக்க வழி உண்டு, அதற்கும் ஒரு வடிவத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஊரின் பெயரைக் காக்கும், ஒரு தனிச் சிற்பியின் புது முகத்தைக் காக்காது.

கைவினைஞர் கையால் செய்யும் உருவங்களுக்கு இந்த 50 என்ற எல்லை பொருந்தாது என்று நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரை, புது செட் வடிக்கும் குடும்பங்களுக்கு மாநிலக் கைவினைத் துறையே விண்ணப்பத்தை எழுதி, கட்டணத்தையும் கட்டி, ஆடி மாதத்துக்குள் பதிவை முடித்துத் தரலாம். பூம்புகார் கைவினை விற்பனை நிலையங்களும் தனியார் கொலுக் கண்காட்சிகளும் புது வடிவம் என்று கொண்டுவரும் எவரிடமும் மூல மண் உருவத்தையும் அச்சையும் காட்டச் சொல்ல வேண்டும். விலைச் சீட்டில் செய்தவர் பெயரையும் ஊரையும் கட்டாயமாக அச்சிட வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. வரும் நவராத்திரிக்கே செய்யலாம்.