கெடு முந்தியது, நியாயம் பிந்தியது!

அமெரிக்காவில் ரெயில்வே தொழிலாளி மீது குற்றம் சுமத்தினால் முதலில் விசாரிப்பது யார்? குற்றம் சுமத்திய கம்பெனியேதான்!

தண்டனை அநியாயம் என்றால் முறையிட 1934-ம் ஆண்டில் ஒரு போர்டு ஏற்பட்டது. அதில் கம்பெனி ஆட்களும் யூனியன் ஆட்களும் சரிபாதி. இரு தரப்பும் முட்டிக்கொண்டால் வெளியிலிருந்து நடுவர் வருவார். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் ஒரு தொழிலாளிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். வேலை போனதும் அவர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 1941-ம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று அதற்கு இடம் கொடுத்திருந்தது. 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றியது. இனி போர்டுக்குத்தான் போகவேண்டும் என்றது. அவரும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு போர்டுக்கு ஓடினார். 60 நாள் கெடு தாண்டிவிட்டது என்று போர்டு தள்ளிவிட்டது! அதில் தலையிட முடியாது என்று 1978-ல் சுப்ரீம் கோர்ட்டும் கைவிரித்தது.

கெடு வேண்டியதுதான். வருஷக்கணக்கில் கழித்து வந்தால் சாட்சிக்கு எங்கே போவது? ஆனால் இந்த மனிதர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லையே! அன்றைக்குத் திறந்திருந்த கதவைத்தானே தட்டினார்? கோர்ட்டில் கழிந்த நாட்களையும் கெடுவில் சேர்த்தது சரியல்ல. அவர் செய்தது குற்றமா இல்லையா என்று கம்பெனிக்கு வெளியே ஒருவரும் கடைசிவரை சொல்லவே இல்லை.