கூச்ச சுபாவமாம்... வெங்காயம்!

"பையனுக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம்... வயசானா சரியாயிடும்." வீட்டுக்கு வீடு உதிர்க்கிற பொன்மொழி இது. பத்தாவது படிக்கிற பையன் தினமும் தனியா உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறான். எது கிண்டல், எது நிஜம்னு புரியாம எல்லார்கிட்டயும் ஏமாறுறான். ரயில் டைம்டேபிளைப் பத்திக் கேட்டா மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்தாம பேசுறான். மிக்ஸி சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிறான். இத்தனையும் பார்த்த பிறகும் கூச்சமாம். வெங்காயம்!

பொண்ணுங்கன்னா இன்னும் மோசம். "அடக்கமான பொண்ணு"ன்னு பாராட்டே கிடைக்கும்.

கூச்சப்படுறவனுக்கு என்ன பேசணும்னு தெரியும், பேசத்தான் தயக்கம். ஆட்டிசம் இருக்கிறவனுக்குப் பல நேரம் அந்த எழுதப்படாத விதிகளே பிடிபடாது. ரெண்டும் ஒண்ணு இல்லைங்க.

"சின்ன வயசுல நல்லாத்தானே இருந்தான்?"னு அடுத்த கேள்வி வரும். அஞ்சாங்கிளாஸ்ல நட்புன்னா ஓடிப்பிடிச்சு விளையாடுறது. ஒன்பதாங்கிளாஸ்ல நட்புன்னா நக்கல், ரகசியம், கண்ஜாடை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடும் இதைத்தான் சொல்லுது. சமூகத்தோட எதிர்பார்ப்பு அவங்க திறனைத் தாண்டும்போதுதான் அறிகுறிகள் முழுசா வெளியே தெரியலாம்.

நம்ம வீட்டு வைத்தியம் என்ன? கல்யாண மண்டபத்துல "போய் எல்லார்கிட்டயும் பேசு"ன்னு பிடிச்சுத் தள்ளுறது. பர்சனாலிட்டி டெவலப்மெண்ட் கேம்ப். "கண்ணைப் பார்த்துப் பேசுடா"ன்னு அதட்டல். கிட்டப்பார்வைக்காரனுக்குக் கண்ணாடி வாங்கித் தராம, போர்டைப் படிடான்னு அடிக்கிற கதை.

இதுல "நீ வளர்த்த லட்சணம்"னு அம்மாவுக்கு வேற திட்டு. 1967-ல புரூனோ பெட்டல்ஹைம்னு ஒருத்தர் பெத்தவங்கதான் காரணம்னு ஒரு புத்தகமே போட்டார். அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, ஆட்டிசம் உள்ள ஒரு பையனோட அப்பாவும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட், வளர்ப்பு காரணமில்லை, உடல்ரீதியான காரணம்தான்னு எழுதிட்டார். பெட்டல்ஹைமோட கதையை ஆராய்ச்சி உலகம் எப்பவோ குப்பையில போட்டாச்சு. நம்ம வீட்டு சோபாவுல மட்டும் மனுஷன் இன்னும் கால்மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கார்.

எல்லாத்துக்கும் மேல ஒரு பயம். "டாக்டர்கிட்ட போனா ஒரு பேரை வச்சிடுவாங்க, நாளைக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?" அய்யா, பேர் ஏற்கெனவே வச்சாச்சு. "லூசு", "ரோபோ", "மெண்டல்". வச்சது நம்மள மாதிரி கூடப் படிக்கிற புண்ணியவானுங்க. அந்தப் பேரால அவனுக்குப் பத்து பைசா பிரயோஜனம் இல்லை. டாக்டர் வைக்கிற பேருக்குப் பின்னாடி சட்டம் நிக்குது. 1995 சட்டத்துல ஆட்டிசம் கிடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகள்ல அதையும் சேர்த்துச்சு. பரீட்சையில கூடுதல் நேரம் கேட்கலாம். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாம இருக்குன்னு சான்றிதழ் கிடைச்சா, அரசு உயர்கல்வி நிறுவனங்கள்ல மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கின 5 சதவீத இடங்களுக்கும் போட்டி போடலாம்.

காமர்ஸ் படிக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். கடனைக் காட்டாம விட்டா பேலன்ஸ் ஷீட் அழகாத்தான் இருக்கும். கடன் பாட்டுக்கு வட்டியோட வளரும். இங்க வட்டி கட்டுறது அந்தப் பையன், "நான் மட்டும் ஏன் இப்படி"ன்னு ராத்திரியெல்லாம் தன்னையே வெறுத்துக்கிட்டு.

ஒதுங்கி இருக்கிற எல்லாருக்கும் ஆட்டிசம்னு நான் சொல்லலை. அதைச் சொல்ல எனக்கும் தகுதி இல்லை, உங்க சித்தப்பாவுக்கும் இல்லை. அதனாலதான் மனநல மருத்துவர்கிட்டயோ மருத்துவ உளவியலாளர்கிட்டயோ கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சுறேன். சென்னைக்குப் பக்கத்துல முட்டுக்காட்டுல இதுக்கு மத்திய அரசு நிறுவனமே இருக்கு. முடிவு எதுவா இருந்தாலும் அவன்கிட்ட மறைக்காதீங்க. கிண்டல்னா என்னன்னு கணக்குப் பாடம் மாதிரி உட்காரவச்சுச் சொல்லிக்கொடுங்க. ரயில் டைம்டேபிளைப் பிடுங்காதீங்க, அதே கிறுக்கு உள்ள ஒரு நண்பன் அது மூலமாத்தான் கிடைப்பான்.

நூறு பேரோட பழகணும்ங்கிறது உங்க ஆசை. அவனுக்கு ஒருத்தன் போதும்.