கால் பென்னித் தீர்ப்பு!

சின்னஞ்சிறு கையிலே சாக்லெட்! சிரிக்கிறது குழந்தை, சிந்தை குளிர்கிறாள் தாய். அந்தச் சிரிப்பைக் கண்டு நாமும் மகிழலாம். ஆனால், அந்தச் சிறு துண்டுக்குள் உறைந்து கிடக்கும் கண்ணீரைக் காண மறுக்கலாமோ?

இங்கிலாந்திலே, பர்மிங்காம் நகரையொட்டி, 1879ஆம் ஆண்டு எழுந்தது போர்ன்வில் தொழிற்சாலை. உரிமையாளர் காட்பரி குடும்பத்தார், குவேக்கர் நெறியினர். மது தீது என்றனர். அடிமைமுறை பாவம் என்றனர். ஆலைக்கருகே தோட்டத்தோடு கூடிய வீடுகள், விளையாடத் திடல்! கண்டோர் வியந்தனர்.

ஆனால், தோழர்களே, ஆலைக்குக் கோகோ எங்கிருந்து வந்தது? அதிலே பெரும்பங்கு, போர்ச்சுகல் ஆண்ட சான் தொமே, பிரின்சிப்பே தீவுகளிலிருந்து! அங்கே அடிமை இல்லையாம், 'ஒப்பந்தக் கூலி'யாம்! அங்கோலாவின் உள்நாட்டிலே பிடிபட்டவர், விலைபேசப்பட்டவர், கடற்கரைக்கு ஓட்டிவரப்பட்டு அதிகாரி முன் நிறுத்தப்படுவர். தாளிலே ஐந்தாண்டு, தீவிலே ஆயுள்! பெயரை மாற்றினர், விலங்கை மாற்றினரா?

1901லேயே நிறுவனத்தாரின் செவிக்குச் செய்தி எட்டியது. ஹென்றி நெவின்சன் எனும் பத்திரிகையாளர் 1904இல் புறப்பட்டார். நேரில் கண்டதை 1906இல் நூலாக்கி உலகுக்கு உரைத்தார். நிறுவனமோ தூதர் அனுப்பியது, லிஸ்பனோடு பேசியது. பேசிக்கொண்டே வாங்கியது, வாங்கிக்கொண்டே பேசியது! 1908இல் 'ஸ்டாண்டர்டு' ஏடு இந்த இரட்டை வேடத்தைச் சாடிற்று. 1909 மார்ச்சில்தான் கொள்முதல் நின்றது.

ஏட்டின் மீது அவதூறு வழக்கு! 1909 டிசம்பரில் பர்மிங்காமில் விசாரணை. ஏட்டின் வழக்கறிஞர் எட்வர்டு கார்சன், வில்லியம் காட்பரியைக் கூண்டிலே நிறுத்திக் கேள்விகளால் குடைந்தார். தீர்ப்பு வந்தது. வென்றது காட்பரி! இழப்பீடு? ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி! மானத்துக்கு விலை கேட்டனர்; மன்றம் மதிப்பிட்டுக் கொடுத்தது!

"நிறுத்தினார்களே, அது போதாதா?" என்பர் சிலர். நிறுத்தியது நன்றே. ஆனால் எட்டாண்டுக் காலம் ஏன்? நெஞ்சிலே இரக்கம் இருந்தது. கணக்கேட்டிலே அதற்கு இடமில்லை. முதலாளியின் கருணையை நம்பிக் காத்திருந்தால் தொழிலாளியின் விலங்கு உடையாது!

பழங்கதை என்பீரோ? இன்று உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைவிப்பவை ஐவரி கோஸ்ட்டும் கானாவும். கொடிய குழந்தை உழைப்பை 2005க்குள் ஒழிப்போம் என 2001இல் ஒப்பமிட்டனர் சாக்லெட் தொழிலார். கெடு கடந்தது, கேடு கடக்கவில்லை! அவ்விரு நாட்டுக் கோகோப் பகுதிகளில் ஏறத்தாழ 15.6 லட்சம் சிறார் குழந்தை உழைப்பில் சிக்கியிருப்பதாக 2020இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வகத்தின் அறிக்கை கூறிற்று.

ஒரு சிறு கையிலே சாக்லெட். இன்னொரு சிறு கையிலே வெட்டுக்கத்தி. விளைவிப்பவனுக்கு உரிய விலையும், விலக்க முடியாத சட்டமும் வரும் வரை, அந்த இனிப்பின் மதிப்பு கால் பென்னிதான்!